நெல்லிக்குப்பம் முதல் பிச்சாவரம் வரை: காற்றில்லா நுண்ணுயிர்களும் கடலூர்க் கழிவுநீரும்

கடலூர் மாவட்டத்தில் ஆலைக் கழிவு என்று பேச்செடுத்தால் எல்லாரும் சிப்காட் தொழிற்பேட்டையைத்தான் சொல்வார்கள். சிப்காட் வந்தது 1984-ல். அதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1842-ல், பண்ருட்டி சாலையில் உள்ள நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை தொடங்கிவிட்டது. கரும்பு அரைக்கும் ஆலை இருந்தால் கழிவுப்பாகு வரும். கழிவுப்பாகு இருந்தால் அதைப் புளிக்க வைத்து ஆல்கஹால் வடிக்கும் டிஸ்டில்லரியும் பின்னாலேயே வரும். டிஸ்டில்லரி வந்துவிட்டால், அடியில் தங்கும் கொதிக்கக் கொதிக்க இருக்கிற கருஞ்சிவப்புத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வியும் வந்துவிடும்.

அந்தத் தண்ணீருக்கு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்பென்ட் வாஷ். கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் ஆல்கஹால் எடுத்தால் எட்டு முதல் பதினைந்து லிட்டர் ஸ்பென்ட் வாஷ் மிஞ்சும். வடிகலனை விட்டு வரும்போது தொட முடியாத சூடு. அமிலத்தன்மை 4 பி.எச். அளவில் இருக்கும். கழிவுநீர் எவ்வளவு 'கெட்டது' என்று அளக்க சி.ஓ.டி. என்றொரு எண் உண்டு: அதிலுள்ள கரிமப் பொருளை முழுதும் ஆக்சிஜனேற்ற எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 500 என்ற அளவில் நிற்கும். ஸ்பென்ட் வாஷுக்கு 80,000 முதல் 1,20,000 வரை போகும். இதைச் சாதாரணச் சாக்கடையைச் சுத்திகரிப்பதுபோலக் காற்றூதிச் சுத்திகரிக்கப் போனால் மின்கட்டணமே ஆலையை விழுங்கிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது காற்றே படாத தொட்டி, அதாவது டைஜெஸ்டர். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 60,000 லிட்டர் ஆல்கஹால் எடுக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பத்து லிட்டர் வீதம் 600 கன மீட்டர் ஸ்பென்ட் வாஷ். சி.ஓ.டி. ஒரு லட்சம் என்றால் 60 டன். அதில் 60 விழுக்காட்டை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தால் 36 டன் போய்விடும். ஒரு கிலோ சி.ஓ.டி. அழிந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது வேதியியல் விதி. ஆக நாளுக்கு 12,600 கன மீட்டர் மீத்தேன். வெப்பக் கணக்கில் இது கிட்டத்தட்ட 700 சமையல் எரிவாயு உருளைகளுக்குச் சமம். பாய்லரில் எரித்து நீராவி எடுக்கலாம், மின்சாரமும் எடுக்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் காசு செலவாவதற்குப் பதில் திரும்பி வருவது அநேகமாக இங்கே மட்டும்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டிப்பதற்கு முன்பே பல டிஸ்டில்லரிகள் தாமாகவே டைஜெஸ்டர் கட்டிக்கொண்டதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிபொருள் மிச்சம், அவ்வளவுதான். காரணம் எதுவானாலும் விளைவு நல்லது.

*

அந்தத் தொட்டிக்குள் இருப்பது யார்?

நெடுங்காலம் இதற்கு விடை தெரியாமலே வேலை நடந்தது. 1776-ல் இத்தாலியில் வோல்ட்டா ஏரிச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். 1897-ல் பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுத்தொட்டி வாயுவைப் பயன்படுத்தினார்கள். வாயு வருவது தெரியும், யார் விடுகிறார்கள் என்பது தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது போலிருந்தது. ரஷ்ய அறிவியலாளர் ஓமெலியான்ஸ்கியின் பெயரால் அதை மெத்தனோபாசில்லஸ் ஓமெலியான்ஸ்கி என்றார்கள். ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் விடும் ஒற்றை உயிர் என்று பாடப்புத்தகங்களில் ஏறியது.

1967-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்வின் பிரையன்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பிரித்துப் பார்த்தபோது அது ஓர் உயிரே இல்லை, இரண்டு என்று தெரிந்தது. ஒன்று ஆல்கஹாலைத் தின்று அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் விடுகிறது. மற்றொன்று அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடுகிறது. ஹைட்ரஜனைத் தின்பதற்கு ஆள் இல்லையென்றால் முதலாவது வளரவே வளராது. இத்தனை ஆண்டுகளாக ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருந்ததால் இருவரையும் ஒருவரென்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்தத் துறை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பேன். சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் முதலில் சிறு துண்டுகளாக உடைகின்றன, அடுத்து கொழுப்பமிலங்களாகப் புளிக்கின்றன, புரோப்பியோனிக், பியூட்ரிக் போன்ற அமிலங்கள் மறுபடி உடைந்து அசிட்டேட்டும் ஹைட்ரஜனுமாகின்றன, கடைசியில் மீத்தேன். ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு கூட்டம். நடுவில் உள்ள புரோப்பியோனிக் அமிலத்தை உடைக்கும் வேலை வெப்பவியல் கணக்குப்படி நட்டத்துக்கு நடக்கும் வேலை. சுற்றிலும் ஹைட்ரஜன் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் சின்ட்ரோஃபோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களுக்கு அதில் ஏதோ கொஞ்சம் ஆற்றல் மிஞ்சும். ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று தீர்க்கும் கூட்டாளி பக்கத்திலேயே, நுண்ணளவு தூரத்தில், ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் கூட்டாளி சுணங்கினால் அமிலம் தேங்கும், தேங்கினால் பி.எச். இறங்கும், இறங்கினால் மீத்தேன்காரர்கள் மேலும் சுணங்குவார்கள். டைஜெஸ்டர் புளித்துப்போவது என்பது இதுதான்.

மீத்தேன் விடுபவை பாக்டீரியாவே இல்லை என்பது 1977-ல் தெரியவந்தது. அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இவை உயிர்மரத்தில் தனிக்கிளை என்று காட்டினார்கள். இன்று ஆர்க்கியா என்று நாம் அழைக்கும் கிளை அது. அதைக் கண்டுபிடிக்க உதவியவை இந்தக் கழிவுத்தொட்டி உயிர்கள்தாம்.

இவற்றுள் அசிட்டேட்டைத் தின்னும் இரண்டு இனங்களைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. மெத்தனோசார்சினா கொழுத்த உருண்டைகளாகக் கூடி நிற்கும்; அசிட்டேட் ஏராளமாகக் கிடந்தால் இதன் கை ஓங்கும். மெத்தனோத்ரிக்ஸ் நீண்ட இழைகளாக இருக்கும். அசிட்டேட் அருகிக் கிடந்தாலும் தேடிப் பொறுக்கித் தின்னும். நன்றாக நடக்கும் தொட்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான் மிகுந்திருக்கும். ஆகையால் ஒரு தொட்டியின் சேற்றில் எந்த இனம் தலைதூக்குகிறது என்று பார்த்தே அந்தத் தொட்டி எப்படி நடத்தப்பட்டிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த உயிர்கள் பெருகும் வேகம் நம் பொறுமையைச் சோதிக்கும். குடலில் வாழும் ஈ.கோலை, வசதி அமைந்தால் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். மெத்தனோத்ரிக்ஸுக்கு நான்கு முதல் ஒன்பது நாள் ஆகும். ஒரு மோல் அசிட்டேட்டிலிருந்து அதற்குக் கிடைப்பது 31 கிலோஜூல். ஒரு மோல் குளுக்கோஸை ஆக்சிஜனில் எரிக்கும் உயிருக்கு 2,800-க்கும் மேல். இந்த வறுமையால் நமக்கு ஒரு நன்மை உண்டு: உடம்பு வளர்க்க ஆற்றல் இல்லாததால் சேறு குறைவாகவே சேரும். தீமையும் உண்டு: ஒருமுறை கொன்றுவிட்டால் மீண்டும் பெருக்கி எடுக்க மாதக்கணக்காகும்.

*

மெதுவாக வளரும் உயிரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாமல் தொட்டிக்குள்ளேயே எப்படி நிறுத்தி வைப்பது? இதற்கு வழி கிடைத்ததும் ஒரு சர்க்கரை ஆலையில்தான். நெதர்லாந்தின் வாஹெனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹட்ஸே லெட்டிங்கா 1970-களில் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவை அடியிலிருந்து மேலே ஏறவிட்டுச் சோதித்தார். பிரெடா நகர ஆலையில் இருந்த ஆறு கன மீட்டர் சோதனைத் தொட்டியில் 1976-ல் சேறு தானாகவே மணிமணியாக உருண்டு திரண்டது. யாரும் எதையும் சேர்க்கவில்லை. மேல்நோக்கிய ஓட்டம் உதிரியாக மிதப்பவற்றை அடித்துக்கொண்டு போயிற்று. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டவை மட்டும் தங்கின.

அந்த மணியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை விட்டம். கண்ணாடிக் குவளையில் அள்ளிக் கலக்கி விட்டால் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். கருப்பு நிறம், அது இரும்பு சல்பைடால் வருவது. விரலிடை வைத்து லேசாக அழுத்தினால் ஜவ்வரிசி போல ஒரு தாங்குதிறன் தெரியும். குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பல மணிகளில் அடுக்கடுக்கான அமைப்பைக் கண்டார்கள்: வெளிப்புறம் சர்க்கரையைப் புளிக்க வைப்பவை, அடுத்த அடுக்கில் அமிலம் உடைப்பவையும் ஹைட்ரஜன் தின்பவையும், நடுவில் மெத்தனோத்ரிக்ஸின் இழைக்கட்டு. பிரையன்ட் சொன்ன கூட்டுவாழ்க்கை அப்படியே ஓர் உருண்டைக்குள். 2011-ல் இன்னொரு செய்தியும் சேர்ந்தது. மதுபான ஆலைத் தொட்டி ஒன்றிலிருந்து எடுத்த மணிகள் மின்சாரம் கடத்தின. ஹைட்ரஜனை இடையில் வைக்காமலே ஒன்று மற்றொன்றுக்கு எலக்ட்ரானை நேரடியாகக் கொடுக்கும் வழியும் உண்டென்று 2014-ல் காட்டினார்கள்.

லெட்டிங்கா தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார். யு.ஏ.எஸ்.பி. என்ற அந்தத் தொட்டி கொலம்பியா, பிரேசில், இந்தியா என்று வெப்ப நாடுகளில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்நாட்டில் தொட்டியைச் சூடாக்கி வைக்க வேண்டும். கடலூரில் வெயிலே போதும். இந்த நுண்ணுயிர்கள் விரும்பும் 30 முதல் 38 டிகிரி நம் ஊர்க் காற்றிலேயே ஆண்டில் பெரும்பகுதி இருக்கிறது.

புதுத் தொட்டியைத் தொடங்க, தயிருக்கு உறை ஊற்றுவது போல, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள். கிடைக்காவிட்டால் மாட்டுச்சாணம் கரைத்து விடுவார்கள். சாணத்தில் மீத்தேன் உயிர்கள் உண்டுதான், ஆனால் மாட்டின் வயிற்றில் உருவாகும் அசிட்டேட்டை மாடே உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே வாழும் மீத்தேன் உயிர்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் தின்பவை. அசிட்டேட் தின்பவை கொஞ்சமாகத்தான் வரும். வெறும் சாணத்தை நம்பித் தொடங்கிய தொட்டி மாதக்கணக்கில் முக்கி முனகுவதற்கு இது முக்கியக் காரணம். 'சாணி போட்டாச்சு, இன்னும் கேஸ் வரலையே' என்று அலுத்துக்கொண்டு தீவனத்தை, அதாவது உள்ளே விடும் கழிவை, கூட்டினால் தொட்டி அத்தோடு புளித்துவிடும்.

*

நெல்லிக்குப்பத்தை விட்டுத் தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே போவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் போகிறவர்கள் மேலே மரத்தையும் பறவையையும் பார்ப்பார்கள். நம் கதை கீழே சேற்றில் இருக்கிறது. ஒரு சாண் ஆழம் தோண்டினால் சேறு கருத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் எழும். அங்கேயும் ஆக்சிஜன் கிடையாது, கரிமப் பொருளும் ஏராளம். அப்படியானால் பிச்சாவரம் மாபெரும் சாண எரிவாயுக் கலன் ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை.

காரணம் சல்பேட். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. டிசல்ஃபோவிப்ரியோ முதலான பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை மூச்சாகப் பயன்படுத்தி, மீத்தேன் உயிர்கள் தின்ன வேண்டிய அதே ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. அவற்றுக்கு அதில் லாபம் கூடுதல். ஆகவே போட்டியில் வெல்கின்றன. வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேன் உயிர்களுக்கு எஞ்சுவது, மற்றவை சீண்டாத மெத்தில் அமீன் போன்ற பொருள்கள் மட்டும். தென்னகக் கரையோரச் சதுப்புகளை ஆராய்ந்த அண்ணா பல்கலைக்கழகத்தினர், மனிதக் கழிவு கலக்கும் இடங்களில் மீத்தேன் வெளியேற்றம் கூடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தீனி மிதமிஞ்சிப் போனால் சல்பேட் தீர்ந்து ஆட்சி மாறிவிடுகிறது.

பிச்சாவரச் சேற்றில் நடக்கும் இந்தப் போட்டியேதான் ஆலைத் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை சாற்றை வெளுக்கக் கந்தகப் புகை விடுகின்றன. அந்தக் கந்தகம் கழிவுப்பாகில் தங்கி, ஸ்பென்ட் வாஷில் சல்பேட்டாக வந்து சேர்கிறது. ஒவ்வொரு கிராம் சல்பேட்டும் 0.67 கிராம் சி.ஓ.டி.யை மீத்தேன் ஆகவிடாமல் திருப்பிக்கொள்ளும். சி.ஓ.டி. சல்பேட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் கவலையில்லை; விகிதம் குறையக் குறையத் தொல்லை. ஹைட்ரஜன் சல்பைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமை எட்டினால் மீத்தேன் உற்பத்தி பாதியாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வாயு எஞ்சினை அரிக்கும், கான்கிரீட்டைத் தின்னும், மூடிய தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியை இரண்டொரு மூச்சில் சாய்க்கும்.

இந்தப் பாடத்துக்கு இந்தியா பெரிய விலை கொடுத்த இடம் கான்பூரின் ஜாஜ்மாவ். இந்திய-டச்சுத் திட்டத்தில் 1994-ல் அங்கே நாளொன்றுக்கு 360 லட்சம் லிட்டர் யு.ஏ.எஸ்.பி. நிலையம் வந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஒரு பங்கு, நகரச் சாக்கடை மூன்று பங்கு என்று கலந்து விடுவது திட்டம். சாக்கடை தோல் கழிவை நீர்த்துக் கொடுக்கும், நுண்ணுயிர்கள் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தோல் கழிவில் இருந்ததோ சல்பேட்டும் குரோமியமும். குரோமியம் சேற்றில் படிந்தது. உரமாகியிருக்க வேண்டிய சேறு அபாயக் கழிவாயிற்று. தொட்டியில் குற்றம் கிடையாது. லெட்டிங்காவின் தொட்டி எங்கும் ஒன்றுதான். உள்ளே எதோடு எதைச் சேர்த்து அனுப்பினார்கள் என்பதில்தான் குற்றம்.

*

இந்த இடத்தில் சிப்காட்டுக்கு வந்தாக வேண்டும். கடலூர் நகரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர், சிதம்பரம் சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரையில் அந்தத் தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிமருந்து, சாயம், பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று ஒவ்வொரு மதிலுக்குப் பின்னாலும் ஒவ்வொரு வேதியியல். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது கடலூர் 77.45 மதிப்பெண் 'பெற்றது'. எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. பேட்டை ஆலைகள் பல தங்கள் கழிவை ஓரளவு சுத்திகரித்து, குசெக்ஸ் என்ற பொது அமைப்பின் குழாய் வழியாகக் கடலுக்கு அனுப்பும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது.

'நெல்லிக்குப்பத்தில் நடப்பது சிப்காட்டில் ஏன் நடக்காது? நுண்ணுயிர் எதையும் தின்னுமாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. எத்தனையோ அசாதாரணப் பொருள்களை இந்தக் கூட்டங்கள் பழகிக்கொள்கின்றன. உலர்சலவைக்குப் பயன்படும் குளோரின் கரைப்பானிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து எத்திலீனாக்கும் பாக்டீரியாவை 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைக் கண்டதும் ஒரு கழிவுத்தொட்டிச் சேற்றில்தான். அதே வேளை, குளோரோஃபார்ம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே பழகாத மீத்தேன் உயிர்கள் வேலையை நிறுத்திவிடும். பழக நேரம் வேண்டும். அளவு ஒரே சீராக வர வேண்டும். மருந்து ஆலை என்ன செய்கிறது? இந்த வாரம் ஒரு மருந்து, அடுத்த வாரம் வேறு மருந்து. தொகுதி தொகுதியாக உற்பத்தி, தொகுதிக்கொரு கழிவு. நான்கு நாளுக்கொரு முறை இரட்டிக்கும் உயிரால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

இன்னொரு வலையும் இருக்கிறது: கண்ணை நம்புவது. ஸ்பென்ட் வாஷ் டைஜெஸ்டரை விட்டு வெளியே வரும்போது சி.ஓ.டி.யில் பாதிக்கு மேலும், நுண்ணுயிர் தின்னக்கூடிய பகுதியை மட்டும் அளக்கும் பி.ஓ.டி.யில் எண்பது தொண்ணூறு விழுக்காடும் போயிருக்கும். நிறம் மட்டும் அப்படியே கருஞ்சிவப்பாக நிற்கும். மெலனாய்டின் என்ற நிறப்பொருள் நுண்ணுயிருக்குச் செரிக்காது. பார்க்கிறவர், 'ஒன்றுமே சுத்திகரிக்கவில்லை' என்பார். சாயக் கழிவிலோ கதை தலைகீழ். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் அசோ சாயத்தின் நிறமூட்டும் பிணைப்பு எளிதில் அறுந்துவிடும். தண்ணீர் தெளிந்து நிற்கும். பார்க்கிறவர், 'நன்றாகச் சுத்திகரித்துவிட்டார்கள்' என்பார். ஆனால் அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். அவற்றுள் சில புற்றுநோய் தருபவை. காற்றூதும் தொட்டி ஒன்றை அடுத்து வைத்தால்தான் அவற்றில் பலவும் உடையும். நிறம் போனதைச் சான்றாகக் காட்டும் எந்த ஆலைச் சான்றிதழையும் நான் ஏற்க மாட்டேன்.

கண்ணைவிட மூக்கு மேல். 2004-லிருந்து சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சமுதாயக் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசையில், எந்த நாற்றம் என்று எழுதி வைக்கத் தொடங்கினார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றுப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுகளில் ஹைட்ரஜன் சல்பைடும் வந்தது. அது நேராக ஆலை வேதிவினையிலிருந்தும் வரலாம். சல்பேட் நிறைந்த கழிவு தொட்டியிலோ ஓடையிலோ தேங்கி, பிச்சாவரச் சேற்றில் வாழும் அதே பாக்டீரியாக் கூட்டத்தாரின் கைவேலையாகவும் வரலாம். எதுவென்று பிரித்தறியத் தொட்டிக்குள் சல்பேட் எவ்வளவு போகிறது, சல்பைடு எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்கள் போதும். மூக்கு குற்றம் சாட்டும். எண் இல்லாமல் குற்றத்தை நிறுவ முடியாது.

2025 மே மாதம் பேட்டையில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி நள்ளிரவுக்குப் பின் உடைந்து பக்கத்து ஊரான குடிக்காட்டுக்குள் பாய்ந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதை அந்த ஊர்க்காரர் அதற்கு முந்தைய நாள் தெரிந்துகொள்ள வழி இருந்ததா?

*

நல்ல ஆலையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் டைஜெஸ்டரிலிருந்து ஒரு குவளை கருந்தண்ணீர் எடுத்து வடிகட்டி, பி.எச். மின்முனையை அதில் நிறுத்தி, பியூரெட்டிலிருந்து கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். 5.75-க்கு இறங்க எவ்வளவு அமிலம் செலவாயிற்று, அங்கிருந்து 4.3-க்கு இறங்க எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தொட்டியின் நாடி தெரியும். 0.3-ஐ ஒட்டி இருந்தால் நலம். ஏறத் தொடங்கினால் அன்றே தீவனத்தைக் குறைக்க வேண்டும். பி.எச். மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், தொட்டி கெட்டபிறகே கெட்டது என்று தெரிந்துகொள்வார். காரத்தன்மை தீரும்வரை பி.எச். அசைந்து கொடுக்காது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடமும் பத்தாம் வகுப்பு வேதியியலும் போதும்.

புதுக் கழிவொன்றை நுண்ணுயிர் தாங்குமா என்று பார்ப்பதும் பெருஞ்செலவில்லை. நூறு மில்லி கண்ணாடிக் குப்பியில் சேறும் கழிவும் ஊற்றி, நைட்ரஜனால் காற்றை விரட்டி, ரப்பர் அடைப்பான் போட்டு இறுக்குவார்கள். ரெசாசுரின் என்ற சாயம் ஒரு துளி சேர்த்திருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகி, ஆக்சிஜன் முழுதும் தீர்ந்ததும் நிறமே இல்லாமல் போகும். ஊசி வழியாக நாளுக்குநாள் வாயுவை அளந்தால் இந்தக் கழிவு உணவா நஞ்சா என்பது ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். கலந்துவிட்டுப் பார்ப்பதற்கு முன்பு குப்பியில் பார்க்கலாம். அதற்கு மேல் போக விரும்பினால் சேற்றின் டி.என்.ஏ.வை வாசித்து எந்த இனம் எத்தனை பங்கு என்று கணக்கெடுக்கும் முறைகள் இன்று பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன.

1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. உப்பனாற்றுச் சேற்றில் உலோகங்கள் எவ்வளவு என்று அங்கிருந்து பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஒருபக்கம் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரைக் கழிவு, ஒருபக்கம் சிப்காட், ஒருபக்கம் பிச்சாவரச் சேறு. காற்றில்லா நுண்ணுயிர்களைப் படிக்க இத்தனை வசதியான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன். உலோகக் கணக்கோடு நின்றுவிடாமல் உப்பனாற்றுச் சேற்றில் சல்பேட் உயிர்கள் எத்தனை, மீத்தேன் உயிர்கள் எத்தனை, ஆண்டுக்காண்டு யார் கை ஓங்குகிறது என்று தொடர்ந்து பார்க்கும் பதிவேடு ஒன்றை அங்கே தொடங்க வேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான், அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே கேட்கலாம். சிப்காட்டில் ஒவ்வோர் ஆலையும் எந்தெந்தக் கழிவோடையைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது, எதை எதோடு கலக்கிறது, கலந்தபின் சி.ஓ.டி. எவ்வளவு, சல்பேட் எவ்வளவு, குளோரின் கரைப்பான் எவ்வளவு என்பதை மாதந்தோறும் தமிழில் எழுதி ஆலை வாசலிலும் குடிக்காடு, ஈச்சங்காடு ஊர்களிலும் ஒட்டச் செய்யுங்கள். எப்படிப் படிப்பது என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியர் போதும்.